பங்கஜத்தின் சைடுகார்

பஸ் படிக்கட்டில் வழுக்கி விழும் வரைக்கும் பங்கஜம் ஊர் சுற்றுகிறவளாக இருந்தாள். காரமடையில் அவள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. கடைக்கு வரும் பெண்களோடு வாய் ஓயாமல் பேசியே வளர்ந்தவள். குந்தா மின் திட்டத்தில் பிட்டர் வேலை பார்த்த ஆறுக்குட்டிக்கு வாழ்க்கைப்பட்டு மஞ்சூருக்கு வந்தபோது, மலைக்குளிருக்குப் பயந்து மூலையில் முடங்கிவிடுவாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவளோ வந்த சில மாதங்களிலேயே ஊட்டி மார்க்கெட்டில் எந்தக் கடையில் நூல்கண்டு நயம், எந்த பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்றெல்லாம் காலனிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டாள். ஜாக்கெட் தைப்பாள். தைத்துக் கொடுத்துவிட்டு, துணி வாங்கவென்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாள்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள், ஆடி மாத மழையில் படி நனைந்திருந்தது. வலது கால் வழுக்க, முழங்கால் ரோட்டோரக் கல்லில் மோதி, சில்லு நொறுங்கிப்போனது. ஊட்டி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு கிடந்தாள். கட்டைப் பிரித்த அன்று டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார். கால் உடம்பைத் தாங்கும், தடி ஊன்றி நடக்கலாம், ஆனால் முழங்கால் இனி மடங்காது. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் நடந்தது. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. குழந்தை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

மடங்காத காலோடு என்னவெல்லாம் செய்ய முடியாது என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. தரையில் உட்கார முடியாது. கோயிலில் பந்திக்கு உட்கார முடியாது. எல்லாவற்றையும்விட, பஸ்ஸில் ஏற முடியாது. படியோ உயரம். யாராவது கைகொடுத்து ஏற்றிவிட்டாலும் சீட்டுக்கு முன்னால் காலை நீட்ட இடமில்லை. நடைபாதையில் நீட்டினால் போகிற வருகிறவர்கள் தடுக்கினார்கள். இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஆறுக்குட்டி பெரிய உடம்புக்காரன். அதிகம் பேசமாட்டான். எது கெட்டாலும் கழற்றிப் பார்த்துவிடலாம், கழற்றினால் சரிபண்ணிவிடலாம் என்று நம்புகிறவன். வெலிங்டன் ராணுவ முகாமில் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவன், சாயங்காலம் ஒரு மோட்டார் சைக்கிளோடு வந்து காலனி வாசலில் நின்றான். வண்டியின் இடப்பக்கம் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு சைடுகார் ஒட்டியிருந்தது. முன்பக்கம் மூக்கு நீண்டு, சின்னப் படகு மாதிரி இருந்தது.

"உள்ள உக்காந்தா கால நேரா நீட்டிக்கலாம் பங்கஜம். உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது பாரு" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். உள்ளே உட்கார்ந்துவிட்டால் அந்த மூக்குக்குள் கால் சுகமாக நீண்டுகொள்ளும். உள்ளே எப்படிப் போவது என்பதைத்தான் அவன் யோசிக்கவில்லை. அதற்குக் கதவு கிடையாது. சுற்றிலும் இடுப்புயரத் தகடு. ராணுவத்துக்காரன் விளிம்பில் கையூன்றி ஒரே தாவில் உள்ளே குதித்துவிடுவான். சேலை கட்டிய, ஒரு கால் மடங்காத பெண் என்ன செய்வாள்?

ஆறுக்குட்டி தூக்கினான். அவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. பவர் ஹவுஸில் இரும்பு தூக்கிய கைகள். அவளை அப்படியே வாரியெடுத்து, விளிம்புக்கு மேலே கொண்டுபோய், முதலில் கால்களை விட்டு, அப்புறம் உடம்பை இறக்கினான். வீட்டு வாசலில் அது விளையாட்டு மாதிரி இருந்தது. அவளும் சிரித்தாள்.

மஞ்சூர் கடைவீதியில் அது விளையாட்டாக இல்லை. சந்தை நாள். அவன் வண்டியை நிறுத்தி, அவளைத் தூக்கி வெளியே எடுத்தபோது, மடங்காத கால் கழிபோல நீட்டிக்கொண்டு நின்றது. சேலை கெண்டைக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதை இழுத்துவிட அவளுக்குக் கை எட்டவில்லை. டீக்கடையில் பேச்சு நின்றது. யாரும் கேலி செய்யவில்லை. ஒரு வயதான அம்மா அருகில் வந்து, "பாவம், எத்தன நாளா இப்படி?" என்று அவளிடம் கேட்காமல் ஆறுக்குட்டியிடம் கேட்டாள். கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன் என்று பங்கஜம் பிறகு நினைத்துக்கொண்டாள். தனக்கு வாய் இருப்பதையே அந்த அம்மா மறந்துவிட்டாளே என்பதுதான் அவளைச் சுட்டது.

அன்றைக்குப் பிறகு அவள் எங்கும் கிளம்பவில்லை. குளிர் என்றாள், தலைவலி என்றாள், தைக்கிற வேலை குவிந்து கிடக்கிறது என்றாள். ஆறுக்குட்டி நச்சரிக்கவில்லை. ஏறி இறங்குவதுதான் சிரமம் என்று அவனுக்குப் புரிந்தது. அந்தச் சிரமத்துக்குள் இருந்த அவமானம் புரியவில்லை. ஆகவே அவன் தகட்டுக்குக் கீழே இரும்பில் ஒரு படி அடித்தான். அதில் இடது காலை வைத்து ஏறி நின்றால், வலது கால் விளிம்பைத் தாண்ட வேண்டும். அது தாண்டாது. படியைக் கழற்றினான். பின்பு, மஞ்சூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சுடலைமணியிடம் வண்டியைக் கொண்டுபோய், சக்கரத்துக்கு முன்னால் தகட்டை வெட்டி ஒரு கதவு வைத்தான். சுடலைமணி தெற்கத்திக் குடும்பத்துப் பையனாகப் பிறந்து மஞ்சூரிலேயே வளர்ந்தவன். ஆறுக்குட்டியை அண்ணன் என்பான், பங்கஜத்தை அக்கா என்பான். இரண்டு பேரும் வேலை முடிந்த சாயங்காலங்களில் உட்கார்ந்து அந்தக் கதவைச் செய்தார்கள். கீலும் கொண்டியும் பச்சை வர்ணமுமாக, பார்க்க வெகு அழகாக இருந்தது.

அந்தக் கதவு வழியாக அவள் ஏறினாள். ஏறினாள் என்றால், திறந்த கதவுக்குள் முதலில் உடம்பைக் குனிந்து நுழைத்து, ஒரு கையால் சீட்டைப் பிடித்து, பக்கவாட்டில் சரிந்து விழுந்து, பிறகு வெளியே நிற்கும் வலது காலைக் கையால் இழுத்துக்கொண்டாள். கதவின் வாய் குறுகல். நீண்ட கால் அதில் நேராக வராது. ஒவ்வொரு தடவையும் வெட்டிய தகட்டின் ஓரம் அவள் கணுக்காலுக்கு மேலே உரசியது. அவன் எதிரே நின்று, முகமெல்லாம் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் அவனுக்காகவே நான்கைந்து முறை கோயிலுக்கும் கடைக்கும் போய் வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி அலசிப் பிழிந்து கொடுக்க அவன்தான் நின்றான். அவள் சேலையின் அடிக்கரையில் ரத்தக் கறை. இன்னொரு சேலையிலும் அதே இடத்தில் கறை. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஏன் பங்கஜம் சொல்லுல?"

"நீங்க கேக்குலீங்களே."

அவளுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "தூக்குனீங்க, படி வெச்சீங்க, கதவு வெச்சீங்க. எல்லாம் எனக்காகத்தானுங்க, நான் இல்லைங்கல. ஆனா ஏறப்போறது நானு. நீ எப்படி உக்காருவே, எப்படி எந்திரிப்பேன்னு ஒருக்கா என்னயக் கேட்டீங்களா? அந்த வண்டிக்குள்ள வெக்கற சாமானா நானு?"

ஆறுக்குட்டி சேலையை மடித்து நாற்காலி மேல் வைத்தான். "சரி, சொல்லு. எப்படி ஏறுவே?" என்று கேட்டான்.

சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. யோசித்துவிட்டு, தினமும் கட்டிலில் எப்படிப் படுக்கிறேன் என்று பாருங்கள் என்றாள். கட்டிலை ஒட்டி அவளுடைய தகரப்பெட்டி இருந்தது. அவள் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தடியைச் சாய்த்துவைத்துவிட்டு, முதலில் பெட்டி மேல் உட்கார்ந்தாள். கை இரண்டையும் பின்னால் ஊன்றி, மெல்ல நகர்ந்து கட்டிலுக்கு மாறினாள். உடம்பு திரும்பத் திரும்ப, வலது கால் தானாகப் பின்தொடர்ந்து வந்து கட்டில்மேல் சேர்ந்தது. எங்கும் முட்டவில்லை, யாரும் தொடவில்லை.

"மறுபடி ஒருக்கா பண்ணு" என்றான்.

அவள் மறுபடியும் செய்தாள். அவன் தரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தான். ஒரே அறையில் இத்தனை காலம் இருந்தும், அவள் படுக்கப் போவதை அவன் அன்றுதான் கவனித்துப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. சக்கரத்தின் மட்கார்டு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெட்டி, அதன்மேல் உட்கார்ந்து உள்ளே நகர்ந்துவிடுவேன் என்று மட்டும் அவள் சொன்னாள்.

சொல்வது சுலபம். சைடுகார் சக்கரம் பெரிது, மட்கார்டு அவள் இடுப்புக்கு மேலே நின்றது. அதில் உட்காரவும் முடியாது. உட்கார்ந்தால் அந்த மெல்லிய தகடு நசுங்கிவிடும். ஆறுக்குட்டியும் சுடலைமணியும் குன்னூரில் தேடி ஒரு பழைய ஸ்கூட்டர் சக்கரத்தை வாங்கி வந்தார்கள். சின்னச் சக்கரம். அதைப் பூட்டியதும் மட்கார்டு கட்டில் உயரத்துக்கு இறங்கியது. அதன்மேல் கனத்த தகட்டில் ஒரு பலகை அமைத்து, கீழே சட்டத்தோடு சேர்த்து முட்டுக்கொடுத்தார்கள். பலகைக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்த பக்கத்தகட்டை வெட்டி இறக்கி, முன்னால் இருந்த கதவோடு சேர்த்து ஒரே வாசலாக ஆக்கினார்கள். வெட்டியதும் சைடுகாரின் கூடு தொய்ந்தது. அடியில் ஒரு இரும்புக் குழாயை ஓடவிட்டு அதை நிமிர்த்தினார்கள்.

இந்த முறை பங்கஜமும் பட்டறைக்குப் போனாள். ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள். பலகை கூராக இருக்கிறது என்றாள், ஓரத்தை உருட்டினார்கள். நகரும்போது கை பிடிக்க ஒன்றுமில்லை என்றாள். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி வளைந்த ஒரு குழாயை வெல்டிங் வைத்தார்கள். பின்சீட் போனால் போகட்டும், நாம் இரண்டு பேர்தானே என்றான் ஆறுக்குட்டி. மட்கார்டுப் பலகைக்கு ரெக்சினில் மெத்தை தைத்து அவளே மாட்டினாள். மழைக்குத் தார்ப்பாயில் ஒரு மூடியும் தைத்தாள்.

முதல் பயணம் ஊட்டிக்கு. மார்க்கெட் வாசலில் வண்டி நின்றதும் அவன் வழக்கம்போலச் சுற்றி வந்தான். தொடக்கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே பக்கத்துக் கடை ஓரமாகப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு எங்கோ பார்ப்பதுபோல நின்றான். அவள் வாசலைத் திறந்து, குழாயைப் பிடித்து, சீட்டிலிருந்து பலகைக்கு நகர்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். தடியை ஊன்றி எழுந்து நின்றாள். கடைவீதியில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காமை எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத்தான் தெரியும். நூல்கண்டு வாங்கினாள், சண்டை போட்டு விலை குறைத்தாள், போண்டா வாங்கித் தின்றாள். அவனுக்கும் ஒன்று கொடுத்தாள்.

அதற்குப் பின் வந்த வருஷங்களைத்தான் அவள் வாழ்ந்த வருஷங்கள் என்று சொல்ல வேண்டும். இத்தலார், எமரால்டு, ஊட்டி என்று மழையில்லாத ஞாயிறெல்லாம் வண்டி கிளம்பும். காரமடைத் தேருக்கு மலையிறங்கிப் போய்வந்தார்கள். அவள் அப்பா இறந்தபோதும் அந்த வண்டியில்தான் போனாள். மஞ்சூர் டிஸ்பென்சரியில் ரோஸ்மேரி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். நிறைமாதப் பெண்கள் பஸ்ஸில் ஏற முடியாமல் தவிப்பதை நித்தம் பார்க்கிறவள். ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து வண்டியைக் கேட்டாள். ஆறுக்குட்டி பங்கஜத்தின் முகத்தைப் பார்த்தான். தாராளமாகக் கூட்டிப்போகச் சொன்னாள் பங்கஜம். ஆனால் அந்தப் பெண்ணைத் தூக்கி வைக்கக்கூடாது, எப்படி உட்கார வேண்டும் என்று நானே வந்து சொல்லித்தருவேன் என்றாள். அப்படியே எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய், பலகையில் தான் உட்கார்ந்து நகர்ந்து காட்டினாள். பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. ஆறுக்குட்டி டூட்டியில் இருந்தால் சுடலைமணி ஓட்டுவான்.

அறுபத்தொன்பது ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு காலையில் ஆறுக்குட்டி வேலைக்குக் கிளம்பச் சட்டை போட்டவன், பொத்தானை மாட்டாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சில் ஏதோ கல்லை ஏற்றின மாதிரி இருக்கிறது என்றான். உடம்பெல்லாம் வேர்த்தது. அந்தக் குளிரில் அவன் வேர்த்து அவள் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்ப, ரோஸ்மேரி ஓடிவந்தாள். கையைப் பிடித்துப் பார்த்து, உடனே ஊட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். ஆபீஸ் ஜீப் கோயம்புத்தூர் போயிருந்தது. அடுத்த பஸ் மதியத்துக்கு மேல்தான். வாசலில் சைடுகார் நின்றது. சுடலைமணி வந்து வண்டியைக் கிளப்பினான்.

தூக்கிவைக்க இரண்டு மூன்று பேர் கை நீட்டினார்கள். ஆறுக்குட்டி வேண்டாமென்று தலையசைத்தான். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, மட்கார்டுப் பலகையில் உட்கார்ந்து, குழாயைப் பிடித்து, மெதுவாக உள்ளே நகர்ந்தான். கால்கள் பின்னாலேயே உள்ளே வந்தன. அவன் கையால் செய்த வண்டி. ஆனால் அதற்குள் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எப்போதும் ஓட்டுகிற இடம்தான் அவனுடையது. சீட்டில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"உள்ள வர்றது சுலுவா இருக்குது பங்கஜம்" என்றான்.

"நானும் வர்றனுங்க" என்று அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கே வருவது? சைடுகாரில் ஒருவர் உட்காரத்தான் இடம். பின்சீட் இருந்த இடத்தில் அவள் கேட்டு வைத்த குழாய் இருந்தது. அது மட்டும் இல்லாதிருந்தால் ரோஸ்மேரியாவது ஏறிக்கொண்டு கூடவே போயிருப்பாள். "போய்ட்டு வந்தர்றேன். மழைல நிக்காத" என்றான் ஆறுக்குட்டி. தார்ப்பாய் மூடியை அவளே இழுத்து அவன் மார்புவரைக்கும் மூடி, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். வண்டி காலனி வளைவில் திரும்பியது. ரோஸ்மேரி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மதியம் வந்த பஸ்ஸிலும் தகவல் இல்லை. சாயங்காலம் ஒரு காய்கறி லாரி காலனிக்குள் வந்தது. லாரிக்குப் பின்னால் சுடலைமணி வெறும் சைடுகாரோடு வந்தான். லாரியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறுக்குட்டியின் உடலை இறக்கிக் கூடத்தில் கிடத்தியதும் எல்லோரும் அழுதார்கள். அவளால் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் காலை நீட்டிக்கொண்டு, எட்டாத உயரத்திலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து, தடியை எறிந்துவிட்டு, அப்படியே தரையில் சரிந்து அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பெண்கள் தூக்க வந்தார்கள். ரோஸ்மேரிதான் வேண்டாம், விடுங்கள் என்று தடுத்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் தம்பி பாலசுப்பிரமணியம் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும், அக்காவை இனி என்னோடுதான் வைத்துக்கொள்வேன் என்றான். நல்லவன். அக்கா கஷ்டப்படக்கூடாது என்று ஊட்டியில் ஒரு பெரிய காரைப் பேசி, அதை மஞ்சூர் வரைக்கும் வரச்சொல்லியிருந்தான். அவள் காரில் ஏற மறுத்துவிட்டாள். ஊட்டி வரைக்கும் சைடுகாரில்தான் வருவேன், சுடலைமணி ஓட்டட்டும் என்றாள். அந்த வண்டியில் எப்படியக்கா உட்காருவாய் என்று தம்பி கேட்டான். ஆறுக்குட்டியின் உயிர் போன இடம் அது என்பதைத்தான் அவன் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். சீட்டுக்கு நகரும் முன் ஒரு கணம் தயங்கினாள். பிறகு நகர்ந்தாள்.

மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. குந்தா பாலம் தாண்டி ஏற்றத்தில் வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. சைடுகாரில் இருப்பவர் பேசினால் ஓட்டுகிறவருக்குக் கேட்காது. எஞ்சின் சத்தம் அப்படி. ஏதாவது சொல்ல வேண்டுமானால் எட்டி ஓட்டுகிறவர் தொடையில் தட்ட வேண்டும். அவள் ஆறுக்குட்டியை அப்படித்தான் தட்டுவாள். இப்போது சுடலைமணியைத் தட்டினாள். அவன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

"எந்த எடத்துல?" என்று கேட்டாள்.

சுடலைமணி தலை குனிந்துகொண்டான். "தெரியலக்கா" என்றான். "இந்த ஏத்தத்துல அண்ணன் என்னமோ சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. சத்தத்துல எனக்குக் கேக்கல. சீக்கிரம் போகச் சொல்றாருன்னு நெனச்சு நான் இன்னும் முறுக்குனேன். மேல போயி பாத்தேன், தல சாஞ்சிருந்துச்சு."

தட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. பங்கஜம் நினைத்தது அது ஒன்றைத்தான். இத்தனை வருஷம் தட்டப்பட்டவர்தான், தட்டிய ஆள் இல்லை. நிறுத்து என்றாரா, தண்ணீர் கேட்டாரா, அவளுக்கு ஏதாவது சொல்லியனுப்பினாரா, இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் அழுதாள். கடைவீதியில் அழாதவள், அவனைக் கிடத்தியிருந்த கூடத்திலும் சத்தம் போடாதவள், அந்த ஏற்றத்தில் பனிக்குள் வாய்விட்டு அழுதாள். சுடலைமணி வண்டியை விட்டு இறங்கித் தள்ளிப்போய் நின்றான். அவனும் அழுதுகொண்டிருந்தான். பின்னால் வந்த கார் நின்றது. தம்பி கதவைத் திறந்து இறங்கினான், கிட்டே வரவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் மேல ஒண்ணும் தப்பில்ல சுடல. வண்டிய எடு" என்றாள்.

ஊட்டியில் இறங்கியதும் வண்டியை ரோஸ்மேரியிடம் கொடுத்துவிடச் சொன்னாள். விற்றால் நல்ல விலை வரும் என்று தம்பி வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். காரின் பின்சீட்டில் காலை நீட்டிவைத்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். காரில் ஏற அவன்தான் அவளைத் தூக்க வேண்டியிருந்தது. இந்த முறை அவள் தடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் தம்பி வீட்டு முன்னறையில் தையல் மிஷினோடு அவள் காலம் போயிற்று. ஒற்றைக் காலால் மிதிக்க மஞ்சூரிலேயே பழகியிருந்தாள். சமதரை, அதனால் தெருமுனைக் கடை வரைக்கும் தடியோடு நடப்பாள். அதற்கு அப்பால் எங்கும் போனதில்லை. தம்பி கோயிலுக்குக் கூப்பிடுவான், கல்யாணத்துக்குக் கூப்பிடுவான். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்பாள். கடைக்கு வந்த பெண்களோடு பேசியே வளர்ந்த பங்கஜமா இது என்று பழைய சொந்தக்காரர்கள் வியந்தார்கள்.

பல வருஷம் கழித்து, தன் கல்யாணப் பத்திரிகையோடு சுடலைமணி அவளைப் பார்க்க வந்தான். காதோரம் நரைத்திருந்தது. இத்தனை நாள் ஏன் கட்டாமல் இருந்தாய் என்று அவள் கேட்க, நேரம் வரவில்லை என்று சிரித்தான். மஞ்சூர்க் கதையெல்லாம் சொன்னான். டிஸ்பென்சரிக்கு இப்போது ஜீப் வந்துவிட்டது. ரோஸ்மேரி மாற்றலாகிப் போய்விட்டாள். சைடுகாரின் சட்டம் துருப்பிடித்து உடைந்துபோனதால் அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்பதைக் கடைசியாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அதுவரைக்கும் நிறையப் பேர் அதில் போனார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், வாதம் வந்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், எல்லோரும்.

பங்கஜம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏறி எறங்கறப்ப யாராச்சும் விழுந்தாங்களா?"

"ஒருத்தரும் விழலக்கா."

காப்பி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று தடியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். சுடலைமணி காத்திருந்தான். அடுப்படியில் வெகு நேரம் பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.